கொத்தளம் என்பது மதிலா, மதிலின் புடைப்பா?

ஆகஸ்ட் 15, காலை 9.40 (ஹலசூர் வாசகர் ஒருவர் கேட்டது)

தொலைக்காட்சியில் 'செங்கோட்டைக் கொத்தளத்தில் பிரதமர் கொடியேற்றினார்' என்றார்கள். சற்று நேரத்தில் சென்னைச் செய்தி, 'கோட்டை கொத்தளத்தில் முதலமைச்சர்' என்று. எட்டாவது படிக்கும் என் மகள், "அப்பா, கொத்தளம்னா மொட்டை மாடியா?" என்று கேட்டாள். கோட்டையின் மொட்டை மாடி என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ஆகஸ்ட் 15, காலை 11.20

சரியில்லை. மகளிடம் இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள், இந்த வயதில் பதிந்தால் அப்புறம் மாறாது.

கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும் கட்டு. மூலைகளில் இருக்கும். நீண்ட மதிலாக இருந்தால் நடுநடுவேயும் இருக்கும். வட்டமாக இருக்கலாம், பல கோணமாகவும் இருக்கலாம். மேலே பீரங்கி வைக்க இடம் விட்டிருப்பார்கள். மதிலின் மேல் ஆட்கள் நடந்துபோகும் அகலமான பாதை வேறு, கொத்தளம் வேறு.

பெங்களூரில் இருந்துகொண்டு இதற்குப் புத்தகம் புரட்ட வேண்டாம். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் கோட்டை. தில்லி வாயிலுக்கு முன்னால் போய் நில்லுங்கள். வாயிலை ஒட்டிய கருங்கல் சுவர் நேராக ஓடாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைந்து வரும். அந்த வளைவுதான் கொத்தளம்.

ஆகஸ்ட் 15, மதியம் 1.05

ஒன்று விட்டுப்போனது. சொல்லைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடுகிறது: கொத்து + தளம். பீரங்கிகளைக் கொத்தாகச் சேர்த்து வைக்கும் தளம்.

ஆகஸ்ட் 15, இரவு 10.30

மதியம் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் அது தவறு. ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா ஒருவர் பிடித்துவிட்டார். "கொத்து, தளம் இரண்டும் சேர்ந்தால் கொத்துத்தளம் என்றுதான் வரும் தம்பி. கொத்துச்சாவி என்கிறோமே, யாராவது கொச்சாவி என்கிறார்களா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பிரிக்க வராத சொல்லைப் பிரித்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு காலையிலிருந்து படித்த தலைப்புகளையெல்லாம் திரும்பப் படித்தேன். 'கோட்டை கொத்தளம்' என்று க் இல்லாமல் எழுதினால் அது உம்மைத்தொகை, கோட்டையும் கொத்தளமும் என்று பொருள். 'கோட்டைக் கொத்தளம்' என்று க் போட்டால் கோட்டையினுடைய கொத்தளம். கேள்வியிலேயே பாருங்கள், தில்லிச் செய்தியில் க் இருக்கிறது, சென்னைச் செய்தியில் இல்லை. ஒரு மெய்யெழுத்தில் ஒரு கட்டடமே இடம் மாறுகிறது.

ஆகஸ்ட் 16, காலை 8.15

இன்று ஆட்டோவில் வரும்போது ஓட்டுநரிடம் கேட்டேன். சிக்பள்ளாப்பூர்க்காரர், கன்னடமும் தெலுங்கும் சரளம். கொத்தளம் என்ற சொல்லை நான் முடிப்பதற்குள் அவர், "கோட்டெ கொத்தல!" என்றார். கன்னடத்திலும் அதே ஜோடி, அதே வரிசை. சிலர் கொத்தள என்றும் சொல்வார்களாம். தெலுங்கில் கொத்தளமு. 'கொத்தல மட்டும் என்றால் எது?' என்று கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, "கோட்டெ இத்ரெ கொத்தலானு இருத்தெ" என்றார். கோட்டை இருந்தால் கொத்தளமும் இருக்கும். அவ்வளவுதான்.

இதுதான் இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி என்று நினைக்கிறேன். ஜோடியாகவே சொல்லிச் சொல்லி, பின்னால் வருகிற சொல்லின் உருவம் மனதிலிருந்து போய்விடுகிறது. 'தோட்டம் துரவு' என்கிறோம். துரவு என்றால் கிணறு. எத்தனை பேருக்கு அந்தக் கிணறு கண்ணுக்குத் தெரிகிறது? என் அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஏழு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஓசூர்க்காரர் ஒருவர் மட்டும், துரவு என்றால் தோட்டத்துக்குப் போகிற வழி என்று அழுத்தமாகச் சொன்னார். கொத்தளமும் இப்படித்தான் கோட்டையின் வாலாக ஆகிவிட்டது. தனியாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 17, இரவு 9.50

'புடைப்பு என்கிறீர்கள், எதற்காகப் புடைக்க வேண்டும்? அழகுக்கா?' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் கட்டட வரைபடம் போடுகிறவன், 22 வருடமாக இந்த ஊரில் இதுதான் வேலை. என் வீட்டையே உதாரணம் ஆக்குகிறேன்.

மூன்றாம் மாடி. படுக்கையறை ஜன்னல் சுவரோடு சுவராக இருக்கிறது. விடிகாலையில் பால்காரர் வந்து கீழே சுவரோரம் சைக்கிளைச் சாய்த்தால் அந்த ஜன்னலிலிருந்து அவர் தெரியமாட்டார். எட்டிப் பார்க்க வேண்டும், கம்பி தடுக்கும். ஆனால் கூடத்துப் பால்கனி சுவரிலிருந்து நான்கு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நின்று பக்கவாட்டில் திரும்பினால் சுவர் முழுக்க, அடிவரைக்கும், சைக்கிளும் பால் கூடையும் சேர்த்துத் தெரியும். உடம்பை வெளியே நீட்டவே வேண்டாம்.

கோட்டையிலும் இதே கணக்கு. நேர் மதிலின் மேல் நிற்கிற வீரனுக்குத் தூரத்தில் வருகிற எதிரி தெரிவான். மதிலின் காலடிக்கு வந்துவிட்டால் தெரியமாட்டான். ஏணி சாய்ப்பதும் கடப்பாறை போடுவதும் வெடிமருந்து புதைப்பதும் அந்தக் காலடியில்தான். குனிந்து பார்க்கத் தலையை நீட்டினால் தலை போகும். அதனால் மதிலை ஆங்காங்கே வெளியே தள்ளிக் கட்டினார்கள். ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்த கொத்தளம் வரைக்கும் உள்ள மதிலின் அடியைப் பக்கவாட்டில் பார்த்துச் சுடலாம். அங்கே இருப்பவன் இங்கே பார்த்துக்கொள்வான். ஒருவர் காலை இன்னொருவர் காக்கிற ஏற்பாடு. கொத்தளத்தின் வேலை முழுக்க இந்தப் பக்கப் பார்வைதான். அதனால்தான் மதிலையும் கொத்தளத்தையும் ஒன்றாகக் குழப்பினால் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 17, இரவு 11.15

இதன் தொடர்ச்சி. அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான், பத்து வயது. அவனோடு தரையில் உட்கார்ந்து செய்து பார்த்தோம்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், நடுவில் ஒரு அடி ஸ்கேல். டம்ளர்கள் வட்டக் கொத்தளம், ஸ்கேல் மதில். ஒரு நூலை எடுத்து இடது டம்ளரின் விளிம்பிலிருந்து வலது டம்ளரின் பக்கமாக இழுத்துப் பிடித்தோம். அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே. ஸ்கேல் முழுக்கப் பார்வைக்குள் வந்துவிட்டது. ஆனால் டம்ளரின் நெற்றிக்கு முன்னால், வளைவு வெளியே முட்டுகிற இடத்தில், எந்த நூலும் தொடாத ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சியது. பையன் அதில் ஒரு கடலையை வைத்து, "இவன் ஒளிஞ்சிக்கிட்டான் மாமா, யாருக்கும் தெரியாது" என்றான். அப்படியேதான். வட்டக் கொத்தளத்தின் குறை அந்தக் கடலை உட்கார்ந்த இடம்.

அப்புறம் மைசூர்பாகு இரண்டு துண்டை வைர வடிவில் வெட்டி டம்ளர் இருந்த இடத்தில், கூர்முனை வெளியே பார்க்க வைத்தோம். இப்போது நூல் கூர்முனையின் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிக்கொண்டு போகிறது. கடலைக்கு ஒளிய இடமே இல்லை. பீரங்கி வந்த பிறகு ஐரோப்பியர்கள் கோணக் கொத்தளத்துக்கு மாறியது இதனால்தான். வட்டத்தின் நெற்றியில் குருட்டு இடம் இருக்கிறது, கூர்முனையில் இல்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் மூலைகளில் அந்தக் கூர்ப்பு தெரியும்.

பாடம் முடிவதற்குள் வடகிழக்குக் கொத்தளத்தைப் பையன் சாப்பிட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 18, காலை 7.30

முதல் நாள் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. செங்கோட்டையில் பிரதமர் நிற்பது கொத்தளமா?

கொடி ஏறுவது லாகோரி வாயிலின் மேல். ஷாஜகான் கட்டிய அந்த வாயிலுக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு ஒரு முன்கட்டை ஔரங்கசீப் எழுப்பினார். எதிரி நேராக வாயிலை நோக்கிப் பாய முடியாமல் திரும்பி வர வேண்டும், அதற்காக. மணப்பெண்ணுக்கு முக்காடு போட்டது போல் ஆக்கிவிட்டாயே என்று சிறையிலிருந்த ஷாஜகான் வருந்தியதாக ஒரு கதை உண்டு. ஆக, அந்த இடம் வாயிலைச் சேர்ந்த கட்டு. இந்தியில் 'பிராசீர்' என்கிறார்கள், மதில் என்கிற பொருளில். தமிழுக்கு வரும்போது அது கொத்தளம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 18, காலை 8.10

'1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு ஏற்றியதும் அதே இடத்தில்தானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேரு செங்கோட்டையில் கொடியேற்றியது ஆகஸ்ட் 16 அன்று. 15ஆம் தேதி மாலை ஏற்றியது இந்தியா கேட் அருகே இருந்த பூங்காவில். நானும் பல வருடம் தப்பாகவே நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 19, இரவு 10.00

'சரி, மதில்மேல் பாதை கொத்தளம் இல்லை என்றால் அதற்குத் தமிழில் என்ன பெயர்? எதிர்ப்பது சுலபம், மாற்றுச் சொல் கொடுங்கள்' என்கிறார் மர்ஃபி டவுன் நண்பர். நியாயமான கேள்வி.

என் பதில், அலங்கம். நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் ஊரில் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம் என்று தெருக்களே இருக்கின்றன. பழைய கோட்டையின் மதிலையும் அகழியையும் ஒட்டிச் சுற்றிவரும் தெருக்கள். என் அத்தை வீடு மேல அலங்கத்தில். சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கேதான் போவேன். பேருந்தில் இறங்கி ரிக்‌ஷாக்காரரிடம் 'மேல அலங்கம்' என்று சொல்லும்போது அது ஒரு பெயர் மட்டும்தான் எனக்கு. அந்தப் பெயருக்குள் ஒரு மதில் இருக்கிறது என்று தெரிய எனக்கு முப்பது வயது ஆனது. பெங்களூருக்கு வந்து, இந்த ஊர்க் கோட்டையைப் பார்த்து, அகராதியில் மதிலுக்கு என்னென்ன சொல் இருக்கிறது என்று தேடியபோதுதான் அலங்கம் கண்ணில் பட்டது. ஒரு நிமிடம் அத்தை வீட்டுத் திண்ணையும் எதிரே இருந்த மேடும் அப்படியே வந்து நின்றன.

ஆகஸ்ட் 20, காலை 9.00

'அகராதியில் அலங்கத்துக்கும் கொத்தளத்துக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறார்கள், உங்கள் பிரிவினை செல்லாது' என்று ஒரு மறுப்பு. அகராதிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது உண்மைதான். ஆனால் அகராதி போட்டவர் மதில் கட்டியவர் இல்லை. தஞ்சாவூரில் நான்கு பக்கமும் நீண்டு ஓடுகிற தெருவுக்கு அலங்கம் என்று பெயர் வைத்தவர்கள், ஓடுகிற ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள். புடைப்பு ஓடாது, நிற்கும்.

ஆகஸ்ட் 22, இரவு 9.20

விஜயபுராவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் நல்ல சிக்கல் கொடுத்திருக்கிறார். அங்கே உப்பலி புருஜு என்று ஒன்று, சுமார் 80 அடி உயரம், 1584இல் ஹைதர் கான் கட்டியது. வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் படிகள், உச்சியில் நீண்ட பீரங்கிகள். ஆனால் அது மதிலில் ஒட்டியே இல்லை, தனியாக நிற்கிறது. கன்னடத்தில் புருஜு என்றால் கொத்தளம்தானே, மதிலே இல்லாமல் புடைப்பது எப்படி என்று கேட்கிறார்.

புருஜு என்பது அரபியிலிருந்து வந்த சொல், அங்கே கோபுரம் என்று பொருள். அதனால் தனிக் கோபுரத்துக்கும் பொருந்தும், மதில் கோபுரத்துக்கும் பொருந்தும். கொத்தளத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை என்பேன். உப்பலி புருஜு உயரத்துக்காகக் கட்டியது, தூரத்தைப் பார்க்க. கொத்தளம் காலடியைப் பார்க்க.

ஆகஸ்ட் 22, இரவு 9.45

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கொத்தளத்திலிருந்தும் தூரத்துக்குச் சுடுவார்கள், பீரங்கி வைப்பதே அதற்குத்தான். 'காலடியை மட்டும்' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு மாலை

பையனைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வந்தேன். காலை எட்டரைக்கே போய்விட்டோம். பூ மார்க்கெட் பக்கமிருந்து சாமந்தி வாசனை, அதன் மேல் பஸ் புகை. உள்ளே நுழைந்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது. கல்லின் கனம் அப்படி.

கெம்பே கவுடா 1537இல் கட்டியது மண் கோட்டை. அதை 1761இல் கல்லால் மாற்றிக் கட்டியவர் ஹைதர் அலி. இப்போது மிஞ்சியிருப்பது அந்தக் கல் கோட்டையின் ஒரு துண்டுதான். அன்றைக்குச் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மைல், மதில் நெடுக 26 கொத்தளங்கள். தெற்கே மைசூர் வாயில், வடக்கே தில்லி வாயில். மீதியெல்லாம் இன்றைக்கு மருத்துவமனை, பள்ளி, சாலை.

பையன் நேராக வளைந்த சுவரிடம் போனான். உள்ளங்கையை வைத்துக்கொண்டே சுற்றி நடந்தான். கற்கள் ஒவ்வொன்றும் முகத்தில் லேசான வளைவோடு செதுக்கப்பட்டிருக்கின்றன, நேர்க் கல்லை அடுக்கி வட்டம் வரவழைக்கவில்லை. இணைப்புகளில் நகம் நுழைய இடமில்லாத இடங்கள் உண்டு. சுவர் கீழே அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக உள்வாங்குகிறது. நான் வரைகிற தாங்கு சுவர்களுக்கும் இதே சாய்மானம்தான் கொடுப்போம், உள்ளே நிரப்பிய மண் வெளியே தள்ளும் என்பதால். கொத்தளத்தின் உள்ளே இருப்பதும் மண் நிரப்புதான், பீரங்கியின் உதையைத் தாங்க. பையனிடம் இதைச் சொன்னேன். அவன் முட்டாமல் ஒட்டி நின்று மேலே அண்ணாந்து பார்த்து, "இங்கதான் மாமா அந்தக் கடலை" என்றான்.

அங்கே வந்திருந்த ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவர் வாயிலின் மேல்தளத்தைக் காட்டி, அதுதான் கொத்தல என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பணிவாக வளைந்த சுவரைக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், நன்றியும் சொன்னார். அடுத்த கூட்டம் வந்ததும் மறுபடி மேலே கை காட்டினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, இரவு 11.00

'26 கொத்தளம் இருந்தும் 1791இல் விழுந்துவிட்டதே?' என்ற கேள்வி. மூன்றாம் மைசூர்ப் போர். ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மார்ச் 7 அன்று, கோட்டைக்கு வெளியே இருந்த ஊரான பேட்டையைப் பிடித்தது, அந்தச் சண்டையில் கர்னல் மூர்ஹவுஸ் செத்தார். அதன் பிறகு இரண்டு வாரம் கோட்டையின் மேல் பீரங்கித் தாக்குதல். மார்ச் 21 இரவு, தில்லி வாயிலுக்குப் பக்கத்தில் மதிலில் விழுந்த பிளவு வழியாக உள்ளே வந்தார்கள். கோட்டைத் தலைவர் பகதூர் கான் பிளவிலேயே போராடி இறந்தார்.

கொத்தளம் ஏறி வருகிறவனை நிறுத்தும். தூரத்தில் நின்று நாள்கணக்காக ஒரே இடத்தில் குண்டு போடுகிறவனை நிறுத்த, அவன் பீரங்கியைவிடப் பலமான பதில் பீரங்கி வேண்டும். கருங்கல் உடையும்போது நொறுங்கித் தெறிக்கும், உள்ளே நிரப்பிய மண் சரிந்து வெளியே கொட்டி, ஏறுகிறவனுக்கே படிக்கட்டாக ஆகும்.

இதே வரலாற்றில் இன்னொரு சங்கதி. கோட்டைக்கு வடக்கே இருந்த பேட்டைக்குக் கல் மதில் கிடையாது. சுமாரான மண் மதில், சின்ன அகழி, அதோடு அடர்த்தியான முள்வேலியும் கள்ளியும் சுற்றிலும். இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையைச் சொல்லும் இடம் நினைவுக்கு வந்தது. அகழியையும் எந்திரங்களையும் சொல்வதற்கு முன்னால் அங்கே முதலில் வருவது 'மிளை', அதாவது காவற்காடு. சிக்பேட்டையில் துணி எடுக்கப் போகிறவர்கள் அந்தக் காவற்காடு இருந்த எல்லையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ஆகஸ்ட் 30, இரவு 10.40

தமிழாசிரியை அம்மா தொலைபேசியில் பேசினார். சிலப்பதிகாரத்தைத் தொட்டுவிட்டு ஞாயிலை விட்டுவிட்டீர்களே என்றார். கோட்டை மதிலின் உச்சியில் வரிசையாக எழுந்து நிற்கும் பல் போன்ற கட்டு ஞாயில். அதன் பின்னால் மறைந்து, இடைவெளி வழியாக அம்பு எய்வது. சங்கப் பாடல்களிலும் ஞாயில் வருகிறது. உரைகாரர்கள் இதைக் 'குருவித்தலை' என்று சொல்வார்கள் என்றார். மதிலின் மேல் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டுவது போல. கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அன்றைக்குத் தில்லி வாயில் உச்சியில் நிஜமாகவே புறாக்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் அலுவலகத்தில் இதைக் கன்னட நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு அது தெனெ" என்றார். தெனெ என்றால் கதிர். ராகிக் கதிர், சோளக் கதிர் என்கிறோமே, அந்தக் கதிர். கோட்டை மதிலின் உச்சிப் பல்லுக்கும் அதே சொல்.

தமிழன் மதிலைப் பார்த்தான், குருவி தெரிந்தது. கன்னடத்தான் பார்த்தான், கதிர் தெரிந்தது. குருவியையும் கதிரையும் இரண்டு பேரும் ஒரே வயலிலிருந்துதான் எடுத்துவந்திருக்கிறார்கள். ரெண்டு நாளாக இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு இரவு

சக்லேஷ்பூர் போய்வந்தோம், மஞ்சராபாத் கோட்டை பார்க்க. திப்பு 1792இல் கட்டியது. எட்டு முனை நட்சத்திரம். பெங்களூர்க் கோட்டை விழுந்த மறுவருடம் என்பதைக் கவனியுங்கள். வட்டத்திலிருந்து கூர்முனைக்கு வந்துவிட்டார்.

ஏறுகிற வழியெல்லாம் பனி. உள்ளே போனால் நட்சத்திரம் தெரியாது, தரையில் நிற்பவனுக்குச் சுவர் உள்ளே மடங்கி வெளியே மடங்கிக் கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு முனையில் போய் நின்றேன். மார்பளவுச் சுவரில் துப்பாக்கிப் புழைகள் வரிசையாக. ஒன்றில் கண்ணை வைத்தேன். மலைச்சரிவு தெரியும் என்று நினைத்தால், தெரிந்தது அடுத்த முனையின் பக்கச் சுவர். அதன் அடிவரைக்கும் பாசியும் பெரணியும் ஈரமும் துல்லியமாகத் தெரிகின்றன. அந்தச் சுவரின் புழையிலிருந்து பார்த்தால் நான் நிற்கிற சுவரின் அடி தெரியும். மைசூர்பாகில் நூல் பிடித்துக் காட்டியது கல்லில் இருந்தது. எட்டு முனையும் ஒன்றின் காலை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, 1792இலிருந்து.

செப்டம்பர் 9, காலை 8.00

சக்லேஷ்பூரிலிருந்து வந்தது முதல் ஒரு யோசனை. கொஞ்சம் பிடிவாதமாக எழுதிவிட்டேனோ என்று.

1974க்கு முன்னால் சுதந்திர தினத்தில் மாநிலங்களில் கொடியேற்றியவர்கள் ஆளுநர்கள். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று கருணாநிதி கேட்டுப் பெற்றார், அந்த வருடம் கோட்டையில் அவரே ஏற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் தமிழ்க் காதுகளில் 'கோட்டை கொத்தளம்' விழுகிறது. ஐம்பது வருடமாக அந்தச் சொல்லுக்குக் கொடி ஏறும் உயரம் என்று ஒரு பொருள் ஊறிவிட்டது. என் அப்பா அந்தச் செய்தியைக் கேட்டால் எழுந்து நிற்பார். அவரிடம் போய், அது கொத்தளமில்லை அலங்கம் என்று நான் சொல்வேனா? மாட்டேன்.

அதனால் செய்தியில் அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். பள்ளிப் பாடத்திலும் கோட்டைகளுக்குள் வைக்கிற பலகைகளிலும் மட்டும் மதிலை மதில் என்றும் கொத்தளத்தைக் கொத்தளம் என்றும் எழுத வேண்டும் என்பதில் மாறவில்லை. ஹலசூர் அண்ணன் மகள் கோட்டைக்குப் போய் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 12, இரவு 9.30

இன்று அத்தையிடம் பேசினேன். 81 வயது, காது கொஞ்சம் மந்தம். 'அத்தை, அலங்கம்னா என்ன?' என்று சத்தமாகக் கேட்டேன். "நம்ம தெரு பேருடா" என்றார். அதுக்கு முன்னாடி என்ன என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "எங்க மாமியார் சொல்லுவாங்க, பிள்ளைங்கள அலங்கத்து மேல ஏற விடாதேன்னு. எதிர்த்தாப்ல மேடு ஒண்ணு செங்கல்லா கெடக்கும். அதத்தான் சொல்லியிருப்பாங்க போல" என்றார்.

ஏறக்கூடிய ஒன்று. நீளமாகக் கிடந்த ஒன்று. ஆகஸ்ட் 20 அன்று மறுத்தவருக்கு என்னிடம் இதைவிடப் பெரிய சான்று இல்லை, இது எனக்குப் போதும்.

செப்டம்பர் 13, மாலை 6.15

ஹலசூர் அண்ணன் நாளை மகளோடு கோட்டைக்கு வருகிறாராம். தமிழாசிரியை அம்மாவும் வருகிறார், மர்ஃபி டவுன் நண்பரும். காலை எட்டரைக்கு மார்க்கெட் மெட்ரோ வாசலில் இருப்பேன். மகளிடம் இரண்டு பெரிய டம்ளரும் ஒரு நூல்கண்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். கடலை நான் கொண்டுவருகிறேன்.